பெடல் படுத்தும் பாடு: வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு, அறிகுறி பார்த்து வழி

நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால், அரை மணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு காலும் 2,100 முறை பெடலை அழுத்துகிறது. வீடு திரும்பும்போது இன்னொரு 2,100. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 21,000. இவ்வளவு வேலை வாங்குகிற சாமானை, சைக்கிள் வாங்கும்போது யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கூடவே வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறோம். பிறகு ஒருநாள் கால் வழுக்குகிறது, இன்னொரு நாள் 'டக் டக்' என்று சத்தம், அடுத்த மாதம் முட்டி வலி. அப்போதுதான் குனிந்து பார்க்கிறோம்.

கீழே எல்லாம் அறிகுறி வாரியாக இருக்கிறது. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாதித் தகராறுக்கு மூலம் அதுதான். பெடலைத் தனியாகப் பார்த்து வாங்கக் கூடாது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பையோ ஷூவையோ பார்த்து வாங்க வேண்டும். பந்தய வீரர் பெடலுக்கு ஏற்ற ஷூ போடுவார். நமக்கு அது தலைகீழ். ஷூவை வேலை முடிவு செய்துவிடுகிறது, அதற்கு ஏற்ற பெடலைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

எந்தத் தகராறானாலும் இதிலிருந்து தொடங்குங்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கி நிற்கிற அந்த நீளக் கையை, சட்டத்தை நோக்கித் தள்ளுங்கள், வெளியே இழுங்கள்.

இரண்டு பக்கக் கிராங்கும் சேர்ந்தே ஆடினால் நடு அச்சின் பேரிங்கில் கோளாறு. ஒன்று மட்டும் ஆடி, மற்றது அசையாமல் நின்றால், ஆடுகிற கிராங்கின் போல்ட் தளர்ந்திருக்கிறது. பழைய கால சைக்கிளானால் காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு பிணைக்கிற ஆப்பு. கிராங்க் இரண்டும் கல் மாதிரி நிற்க, பெடலைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் லொடலொடவென்றால், அப்போதுதான் பெடல் குற்றவாளி.

இதைச் செய்யாமல் புதுப் பெடல் வாங்கி மாட்டி, சத்தம் போகவில்லையே என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

கிராங்க் ஆடுகிறது என்றால் அன்றைக்கே முறுக்குங்கள். சதுர முனை அச்சில் மாட்டிய அலுமினியக் கிராங்க் தளர்ந்தபடியே சில நாள் ஓடினால் அதன் சதுரத் துளை மூலை மழுங்கி உருண்டுவிடும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டியதுதான்.

கால் வழுக்குகிறது

எப்போது வழுக்குகிறது என்று கவனியுங்கள்.

பெடல் கீழே போகும்போது மட்டும் கால் நழுவினால் அது வழுக்கல் அல்ல, எட்டவில்லை. சீட் உயரம் அதிகம். முன்பாதம் பெடலைத் தேடிக்கொண்டு கீழே போகிறது, அழுத்தம் குறைகிறது, நழுவுகிறது. சீட்டை அரை செ.மீ. இறக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதற்குப் போய்ப் பெடல் மாற்ற வேண்டாம்.

மேடு பள்ளத்தில் குதிக்கும்போது கால் பறந்தால், முன்பாதம் பெடல் மேல் சரியாக உட்காராமல் விரல் நுனியில் மிதிக்கிறீர்கள். பெருவிரலுக்குப் பின்னால் இருக்கிற மேடு பெடல் அச்சின் மேலோ, அதைவிடக் கொஞ்சம் முன்னாலோ இருக்க வேண்டும்.

மழையில் மட்டும் வழுக்கினால் இரண்டு பரப்புகளுக்கு இடையே நடக்கிற சண்டை அது. தோல் அடிப்பாகம் வைத்த ஷூவும் ரப்பர் கட்டைப் பெடலும் காய்ந்த நாளில் நல்ல ஜோடி. ஈரம் பட்டதும் இரண்டும் சோப்பு மாதிரி. ரப்பர் கட்டையின் விளிம்பு தேய்ந்து மின்ன ஆரம்பித்திருந்தால் இன்னும் மோசம். சில பெடல்களில் நட்டைக் கழற்றி ரப்பரைத் திருப்பிப் போடலாம், மறு பக்கம் புதிதாகவே இருக்கும்.

இரும்புப் பல் வைத்த பெடல் மழைக்கு நல்லது. தண்ணீர் நடுவே வழிந்து போய்விடும், பல் கடித்துப் பிடிக்கும். கடிப்பதுதான் சிக்கலும். மென்மையான ஷூ அடிப்பாகத்தில் ஆறே மாதத்தில் குறுக்கே இரண்டு கோடு விழுந்துவிடும்.

ஆணி முளைத்த அகலத் தட்டைப் பெடல்கள் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்காக வந்தவை. பிடிப்பில் இவற்றை அடிக்க ஆளில்லை. ஆனால் 4, 5 மி.மீ. உயர உலோக ஆணி வேலைக்குப் போகிறவருக்கு வேண்டாத ஆடம்பரம். தோல் ஷூவைத் துளைக்கும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது கெண்டைக்காலைக் கிழிக்கும். இதே வடிவத்தில் நைலானில் வார்த்தவை கிடைக்கின்றன. அவற்றில் ஆணிக்குப் பதில் சின்ன மேடுகள், அல்லது குட்டை ஆணிகள். ரப்பர் அடி ஷூவுக்கு அந்தப் பிடிப்பு தாராளம், எடையும் குறைவு. உலோகப் பெடல்தான் ஏற்கெனவே இருக்கிறது என்றால், பெரும்பாலானவற்றில் ஆணிகள் திருகுதான். நடுவில் உள்ளவற்றைக் கழற்றிவிட்டு ஓரத்தில் மட்டும் விடலாம்.

பெரிய செலவில்லாமல் ஒரு வழி வேண்டுமா? படிக்கட்டில் வழுக்காமல் இருக்க ஒட்டுகிற சொரசொரப்பான ஒட்டுத்தாளை வெட்டி, வழவழப்பான பிளாஸ்டிக் பெடலின் இரு பக்கமும் ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டினால் சில மாதம் தாங்கும். ஷூவையும் அறுக்காது.

என் ஏற்பாடு இது: அகலம் சுமார் 10 செ.மீ. உள்ள நைலான் தட்டைப் பெடல், காலில் சாதா ரப்பர் அடி ஷூ, தோல் ஷூ அலுவலக மேஜைக்கடியில். பிடிப்புக்கும் தோற்றத்துக்கும் ஒரே ஜோடியை இழுத்துக்கொண்டு அலைவதை நிறுத்தியதும் பாதித் தொல்லை போயிற்று.

பெடல் தானாகக் கழன்று வருகிறது; அல்லது கழற்ற வரவே மாட்டேன் என்கிறது

இந்த இரண்டும் எதிரெதிர்ப் புகார் மாதிரி தெரியும். காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: இடப் பக்கத்து மரை.

முதல் தடவை பெடல் மாற்றியபோது நான் செய்ததைச் சொல்கிறேன். வலப் பக்கம் சுலபமாக வந்துவிட்டது. இடப் பக்கம் அசையவில்லை. எண்ணெய் ஊற்றினேன், ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டினேன், ஏறி நின்றும் பார்த்தேன். கடைசியில் 'கிர்' என்று நகர்ந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். நான்கு சுற்றுக்குப் பிறகுதான் கவனித்தேன், அச்சு வெளியே வராமல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இது இடம்புரி. நீ கழற்றலை, முறுக்கியிருக்க" என்றார். அலுமினிய மரை சுருள் சுருளாகப் பிய்ந்து அச்சோடு வந்துவிட்டது.

சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பதுபோல் பெடலிலும் உண்டு. வலப் பெடல் வலம்புரி: சாதாரண திருகு மாதிரி கடிகாரச் சுற்றில் முறுகும். இடப் பெடல் இடம்புரி: கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் முறுகும். அச்சின் முனையிலோ ஸ்பேனர் பிடிக்கிற தட்டையிலோ ஆங்கிலத்தில் வலத்துக்கு 'ஆர்', இடத்துக்கு 'எல்' என்று பொறித்திருப்பார்கள். எழுத்து அழிந்துபோயிருந்தால் அச்சை நட்டுக்குத்தலாக, மரை முனை மேலே இருக்கும்படி, கண்ணுக்கு எதிரே பிடியுங்கள். மரைக் கோடு வலப் பக்கம் உயர்ந்து போனால் வலப் பெடல், இடப் பக்கம் உயர்ந்தால் இடப் பெடல்.

இதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டாம் என்றால் நான்கு வார்த்தை போதும்: முன்னே முறுகும், பின்னே பிரியும். ஸ்பேனரை அச்சில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். அதன் மேல்முனை முன்சக்கரம் பக்கம் சாய்ந்தால் பெடல் இறுகும், பின்சக்கரம் பக்கம் சாய்ந்தால் கழலும். வலம், இடம் இரண்டுக்கும் இதே விதி. கிராங்கின் உட்பக்கத்திலிருந்து அல்லன் கீ (அறுகோணச் சாவி) போட்டுத் திருப்பினாலும் இதே விதிதான். 'கடிகாரச் சுற்றா, எதிர்ச்சுற்றா' என்று யோசிக்கிறவர்கள் குழம்புகிற இடம் அதுதான்.

ஏன் இப்படி இடப் பக்கத்துக்கு மட்டும் தலைகீழ்? ஒரு பென்சிலை எடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் தளர்வாக விட்டு, அதன் முனையை மறு கையால் வட்டமாகச் சுற்றுங்கள். நீங்கள் சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் பென்சில் தன்னைத்தானே மெல்லச் சுழற்றிக்கொள்வது தெரியும். மரைத் துளைக்குள் பெடல் அச்சும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு இடைவெளிக்குள், கால் அழுத்துகிற திசை சுற்றிச் சுற்றி வர, அச்சு உருண்டு நகரப் பார்க்கிறது. அந்த நகர்வு பெடலை இறுக்கும்படி இரு பக்க மரையும் அமைந்திருக்கிறது. இடப் பக்கமும் வலம்புரியாக இருந்தால் நடு ரோட்டில் பெடல் காலோடு வந்துவிடும்.

அப்படியும் கழன்று வருகிறதென்றால் மூன்று வாய்ப்பு. மாட்டும்போதே போதிய அளவு முறுக்கவில்லை. அல்லது கிராங்கின் மரை தேய்ந்திருக்கிறது. அல்லது பெடலின் பேரிங் துருவேறி இறுகிப்போயிருக்கிறது. மூன்றாவதை யாரும் சந்தேகப்படுவதில்லை. பேரிங் சுழலாவிட்டால் பெடலின் உடல் அச்சையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பும். அது இழுக்கிற திசை கழற்றுகிற திசை. பெடலை விரலால் சுழற்றிப் பாருங்கள், தயங்கி நின்றால் அதுதான்.

மரை லேசாகத்தான் கெட்டிருக்கிறது என்றால் மரை ஓட்டி மீட்கலாம். முழுக்கப் போய்விட்டால் துளையைப் பெரிதாக்கி உள்ளே உலோக உறை பதிக்கிற வேலை உண்டு. எனக்கு அப்படித்தான் செய்து கொடுத்தார், இன்றும் நிற்கிறது.

கழலவே மாட்டேன் என்கிற பெடலுக்கு: துரு இளக்கும் எண்ணெயை மரையின் இரு பக்கமும் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிடுங்கள். ஸ்பேனர் சட்டென்று நழுவினால் முஷ்டி போய் மோதுவது அந்தப் பற்களில்தான், செயின் மூடியிருந்தால் ரத்தம் வராது. கிராங்கை முன்பக்கம் படுக்கையாக நீட்டி வைத்து, ஸ்பேனரின் கைப்பிடி பின்சக்கரம் பக்கம் நீளும்படி மாட்டுங்கள். மறு பக்கக் கிராங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள். எந்தப் பக்கப் பெடலானாலும் கீழே அழுத்தினால் கழலும். ஸ்பேனர் 15 மி.மீ., ஒல்லியான தலை உள்ளது வேண்டும், சாதா ஸ்பேனர் சில பெடல்களின் இடுக்கில் நுழையாது. ஸ்பேனர் பிடிக்கத் தட்டையே இல்லாத பெடலானால் அச்சின் உள்முனையில் 6 அல்லது 8 மி.மீ. அல்லன் கீக்குத் துளை இருக்கும்.

மிதிக்கும்போது டக், கிரீச், கிளிக்

சத்தத்தின் தாளத்தை முதலில் எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு தடவை வந்தால் பெடல், கிராங்க், நடு அச்சு, செயின் வீல் போல்ட் இவற்றில் ஒன்று. மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் பெடலுக்குச் சம்பந்தமே இல்லை, சக்கரத்தைப் பாருங்கள்.

எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் சீட்டும் அதன் குழாயும்தான் காரணம். நிற்கவில்லையா, ஆளில்லாத இடத்தில் ஒரு காலை எடுத்துவிட்டு ஒற்றைக் காலால் மிதித்துப் பாருங்கள், பக்கம் தெரிந்துவிடும்.

பெடல் பக்கம் என்று தெரிந்தால் கழற்றுங்கள். அச்சின் மரையையும் கிராங்கின் துளையையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, மரையில் கிரீஸ் தடவி, மறுபடி நன்றாக முறுக்குங்கள். பத்தில் ஏழு கிரீச்சுக்கு இதுவே மருந்து என்பது என் கைக்கணக்கு. காய்ந்த மரையில் ஒரு மணல் துகள் போதும், பழைய கதவு மாதிரி முனகும்.

எல்லாம் பிரித்துப் பார்த்தும் 'டிக்' போகவில்லையா? ஷூ நாடாவின் பிளாஸ்டிக் முனை கிராங்கில் தட்டுகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். கியர் சைக்கிளில் முன் கியர் கேபிளின் மிச்ச நுனி நீட்டிக்கொண்டு கிராங்க் கடக்கும்போதெல்லாம் தட்டுவதும் உண்டு, வளைத்துவிட்டால் தீர்ந்தது.

பெடல் லொடலொடக்கிறது, சுழலும்போது நெறநெறக்கிறது

பேரிங்தான். உள்ளே மூன்று வகையில் ஒன்று இருக்கும்: தனித்தனிக் குண்டுகள் வைத்தது, மூடிய பேரிங் வைத்தது, குண்டே இல்லாமல் பிளாஸ்டிக் உறை மட்டும் வைத்தது. மூன்றாவதையும், ரிவிட் அடித்து மூடிய மலிவுப் பெடலையும் பிரிக்க முடியாது, மாற்றுங்கள். மூடிய பேரிங் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

குண்டு வைத்ததைப் பிரிப்பது ஒரு மழைநாள் மதியத்துக்கு நல்ல வேலை. அகலத் தட்டில் பழைய துணி விரித்து, அதன்மேல் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வெளிமுனை மூடியைக் கழற்றினால் லாக் நட் தெரியும். அதன் அடியில் நாக்கு நீட்டிய வாசர், அதன் அடியில் கோன், அதாவது குண்டுகளைத் தாங்குகிற கூம்பு வடிவ நட்டு. கோனைத் திருப்பி எடுத்ததும் குண்டுகள் கறுத்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்பக்கத்து வரிசை அச்சை உருவும்போது கொட்டும், அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் குண்டையும் தனித்தனியே எண்ணி எழுதி வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் ஒரு குண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் அதையே போடலாம். சாம்பல் பூத்து, அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி விழுந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கோனில் குண்டு ஓடிய தடத்தில் குழி விழுந்திருந்தால், புதுக் குண்டு போட்டும் பயன் இல்லை.

மாட்டும்போது புதுக் கிரீஸை, பெடலுக்குள் குண்டுகள் உட்காருகிற கிண்ணத்தில் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள், விழாது. கோனைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டு லாக் நட்டை முறுக்குங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது, சுழலும்போது தடையும் இருக்கக் கூடாது. முதல் தடவை சரியாக வராது. எனக்கு நான்காவது தடவைதான் வந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் கணுக்கால் அசைகிறது

பெடல் இறுக்கமாக இருக்கிறது, சத்தமும் இல்லை, ஆனால் மிதிக்கும்போது பாதம் இப்படியும் அப்படியும் சாய்கிறது. சைக்கிள் எங்காவது விழுந்ததா, பெடல் நடைபாதை விளிம்பில் இடித்ததா என்று யோசியுங்கள். அச்சோ கிராங்கோ வளைந்திருக்கிறது. பெடலைக் கழற்றி உடலை ஒரு கையில் பிடித்து, அச்சை விரலால் சுழற்றுங்கள். மரை முனை ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டால் அச்சு வளைவு. நேராகச் சுழன்றால் கிராங்க் வளைவு. வளைந்த அச்சைச் சுத்தியலால் நிமிர்த்திப் போடாதீர்கள். அடுத்த முறை அது வளையாது, ஒடியும்.

பாதம் மரத்துப்போகிறது, விரலடி எரிகிறது

சின்னப் பெடல், மெல்லிய அடி. இந்தக் கூட்டணிதான் காரணம். முழு எடையும் மூன்று விரல் அகலத்தில் இறங்கினால் நரம்பு நசுங்கத்தான் செய்யும். அகலமான பெடல் போடுங்கள், அல்லது கொஞ்சம் விறைப்பான அடி உள்ள ஷூ. பாதத்தை ஒரு விரலகலம் முன்னே தள்ளி வைத்துப் பாருங்கள். நாடாவைத் தளர்த்துங்கள், ஓட்டும்போது பாதம் லேசாக வீங்கும்.

முட்டி வலிக்கிறது

எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. முன்பக்கம் என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வு, அல்லது கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறீர்கள். பின்பக்கம் என்றால் சீட் உயரம். உட்பக்கமோ வெளிப்பக்கமோ என்றால் பாதம் நிற்கிற கோணம், இது ஷூவைக் கவ்விப் பிடிக்கிற கிளிப் பெடல் போட்டவர்களுக்கு அதிகம். தட்டைப் பெடலில் பாதம் தன் இயல்பான கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

சீட் உயரத்துக்கு எளிய அளவு: சைக்கிளில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வர வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முட்டியில் தேவையான மடிப்பு தானாகவே வரும். ஓட்டும்போது போடுகிற ஷூவோடு அளந்து பாருங்கள். தடிமனான அடியும் மெல்லிய செருப்பும் மாறி மாறிப் போட்டால் ஒவ்வொரு நாளும் சீட் உயரம் மாறுவதற்குச் சமம். அதேபோல் மெல்லிய பெடலை எடுத்துவிட்டுத் தடித்த பெடல் மாட்டினாலும் சீட்டை அந்த அளவு ஏற்ற வேண்டும். இரண்டு வாரத்தில் வலி அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், சைக்கிளை மேலும் நோண்ட வேண்டாம்.

கிளிப் பெடலில் கால் மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது

பெயரிலேயே குழப்பம் உள்ள சாமான் இது. ஷூவைப் 'பட்'டென்று கவ்விக்கொள்கிற பெடலுக்குப் பெயர் 'கிளிப்லெஸ்', கிளிப் இல்லாதது. முன்பு விரலை நுழைக்கிற கம்பிக் கூடும் வாரும் இருந்தன, அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். அது இல்லாமல் வந்ததால் இந்தப் பெயர். 1984இல் பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணியின் பிடிப்பு முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அதைப் போட்டுக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி என்கிற வகை வந்தது. பெடல் கவ்வுவது ஷூவில் திருகிய ஒரு கட்டையை; இதில் அது ஷூவின் அடிக்குழிக்குள் ஒளிந்துகொள்கிற சின்ன உலோகக் கட்டை என்பதால் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவும் முடியும். வேலைக்குப் போகிறவர் கிளிப் வகை வாங்குவதானால் இந்த இரண்டு திருகு உலோகக் கட்டை வகைதான். மூன்று திருகு, பிளாஸ்டிக் கட்டை வகை பந்தயத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டு படி இறங்குவது வாத்து நடை.

கால் வராவிட்டால்: குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும், மேலே இழுத்தால் விடாது. திருப்பியும் கடினமாக இருந்தால் பெடலில் உள்ள சின்ன அல்லன் திருகைக் குறைவுப் பக்கம் சில 'கிளிக்' தளர்த்துங்கள். இரு பக்கமும் கவ்வுகிற பெடலில் ஒரு பெடலுக்கு இரண்டு திருகு, ஆக நான்கு. ஒரு முகத்தை மட்டும் தளர்த்திவிட்டு, "ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலை" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட ஆபத்தானது ஷூவில் உள்ள கட்டையின் திருகு ஒன்று கழன்று விழுவது. பாதத்தைத் திருப்புவீர்கள், கட்டை ஷூவோடு திரும்பாமல் ஒற்றைத் திருகில் சுழன்றுகொண்டு பெடலிலேயே இருக்கும். ஓடும்போது இது தெரிந்தால் சுவரோ கம்பமோ பார்த்துக் கையூன்றி நின்று, ஷூவிலிருந்து காலை உருவிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை அந்த இரண்டு திருகையும் 4 மி.மீ. அல்லன் கீயால் சோதித்தால் இந்த நாடகம் வேண்டாம். பழகுகிறவர்களுக்குப் பல திசையில் விடுகிற கட்டை தனியாகக் கிடைக்கிறது, அதில் தொடங்குங்கள்.

நிறுத்தி நிறுத்திப் போகிற நெரிசல் சாலையில் கிளிப் பெடலால் மிச்சமாகும் நேரத்தைவிட அதில் போகும் பதற்றம் அதிகம் என்பது என் எண்ணம். நீண்ட, தடையில்லாத சாலை என்றால் கணக்கு வேறு. ஒரு முகம் தட்டை, மறு முகம் கிளிப் என்று இரண்டுங்கெட்டானாக வருவது இரண்டுக்கும் உதவும் என்பார்கள். சிக்னல் விழும்போதெல்லாம் சரியான முகத்தைக் காலால் துழாவ வேண்டும், அந்தப் பொறுமை இருந்தால் வாங்கலாம்.

திருப்பத்தில் பெடல் தரையில் உரசுகிறது, விரல் முன்சக்கரத்தில் இடிக்கிறது

திரும்புகிற பக்கத்துப் பெடல் மேலே இருக்கட்டும், அந்த நேரம் மிதிக்க வேண்டாம். தடித்த, அகலமான பெடல் மாட்டிய பிறகுதான் இது தொடங்கியது என்றால் மெல்லியதாக மாற்றுங்கள். விரல் சக்கரத்தில் இடிப்பது மெதுவாக, வளைத்துத் திரும்பும்போது மட்டும்தான் நடக்கும். பாதத்தைக் கொஞ்சம் பின்னே வைத்தால் தப்பிக்கலாம்.

புதுப் பெடல் மாட்டும்போது

கிராங்கின் மரை அளவைப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்கள் ஓட்டுகிற பெரும்பாலான சைக்கிள்களில் 9/16 அங்குலம். இரண்டு கிராங்கும் ஒரே கம்பியாக வளைந்து வரும் வகையில், குழந்தைகள் சைக்கிளில் இது அதிகம், 1/2 அங்குலம். ஒன்று மற்றொன்றில் சேராது.

மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றைக் கையாலேயே போடுங்கள். விரலுக்கு இசையவில்லை என்றால் மரை குறுக்கே ஏறுகிறது அல்லது பக்கம் மாறியிருக்கிறது. ஸ்பேனரை எடுக்கும் முன் கழற்றிப் பாருங்கள். கடைசியில் நன்றாக முறுக்க வேண்டும்: 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 15 கிலோ எடை தொங்குகிற அளவு அது. ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள்.

கழற்றிய பழைய பெடல் நன்றாகச் சுழல்கிறதா? வீசாதீர்கள். வலம், இடம் என்று சீட்டு ஒட்டி ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை புதிதாக ஒரு 'டக்' கேட்கும்போது, அதை மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால், குற்றவாளி பெடலா வேறெதுவுமா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.